போன் வரலைன்னா நல்ல கடல்

கையேடு எழுதுகிறவர்களைப் பிடித்து உட்கார வைத்து, அவர்கள் எழுதுகிற மாதிரியே ஒருநாள் சோறாக்கச் சொல்ல வேண்டும். உலையில் அரிசியைப் போடவும் என்று எழுதியிருப்பார்கள். அடுப்பைப் பற்ற வைக்கவும் என்று எழுதியிருக்க மாட்டார்கள். கேட்டால், அது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே என்பார்கள். இப்படிப்பட்ட ஓட்டைகளைத் தேடிப் பிடித்து மார்க் போடுவதுதான் பரிமளாவுக்கு வேலை.

வேலை செய்யும் இடம் திண்டிவனத்தில், மரக்காணம் ரோட்டில், ஒரு டைல்ஸ் கடைக்கு மேல் மாடி. பெரிய ஆபீஸ் விழுப்புரத்தில். அங்கிருந்து வேங்கடேசன் சார் கம்ப்யூட்டர் கையேடுகளை அனுப்புவார். இங்கே பரிமளாவும், கண்டாச்சிபுரத்துப் பக்கமிருந்து வந்து ரூம் எடுத்துத் தங்கியிருக்கும் தேவாவும் அவற்றைப் படித்து, வரிக்கு வரி செய்து பார்த்து, புரிகிறதா, முழுசாக இருக்கிறதா, சொன்னபடி நடக்கிறதா என்று மார்க் போடுவார்கள். விழுப்புரத்தில் பயிற்சி கொடுத்தபோது சார் ஒரே விதியைத்தான் மாற்றி மாற்றிச் சொன்னார். "எழுதியிருக்கறத செய்யி. எழுதாதத செய்யாத. உன் புத்தியை செருப்போட வாசல்லயே கழட்டி வச்சிட்டு உள்ள வா." பரிமளா அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். சொன்னதைத் தட்டாத பெண் என்று புகுந்த வீட்டிலும் அவளுக்குப் பேர்.

புகுந்த வீடு மரக்காணத்துக்குப் பக்கத்தில் ஒரு மீனவக் குப்பம். புருஷன் அருள். மாமனார் அரசப்பன். இரண்டு பேரும் ஒரே ஃபைபர் போட்டில் கடலுக்குப் போகிறவர்கள். மாமியார் தைலம்மாள் மீன் விற்கிறவள், வாய் ஓயாதவள், மனசு தங்கம்.

அன்றைக்குப் பரிமளாவுக்கு வந்த கையேடு, அவள் குப்பத்துக்கே சம்பந்தப்பட்டது. 'கரைக்குரல்' என்று ஒரு ஏ.ஐ. ஏஜெண்ட் இருக்கிறது. ஆள் யாரும் தேவையில்லை. வானிலை அறிவிப்பைத் தானே படிக்கும், எந்தக் கரைக்கு ஆபத்து என்று தானே பார்க்கும், அந்தக் கரையில் இருக்கிறவர்களுக்கெல்லாம் போன் போட்டுத் தமிழில் பேசும். "காற்று பலமாக வீசும், கடலுக்குப் போக வேண்டாம்" என்று பொம்பளைக் குரலில் சொல்லும். வந்த புதிதில் குப்பமே சிரித்தது. "கடல் தெரியாத ஒரு பொம்பள எனக்கு கடல் சொல்றா பாரு" என்று அரசப்பன் காறித் துப்பினார். அப்புறம் ஒருநாள் அது போகாதே என்றது, நின்றார்கள், அன்றைக்கு அடித்த காற்றில் பக்கத்துக் குப்பத்துப் போட்டு ஒன்று கவிழ்ந்தது. அதோடு சிரிப்பு நின்றது. போன் வந்தால் வலையை மடி. போன் வரலைன்னா நல்ல கடல், தள்ளு போட்டை. குப்பத்தில் இப்போது இதுதான் சட்டம்.

அந்தக் கரைக்குரலுக்கு உடம்பு சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு கருவி உண்டு. பேர் 'நாடி'. அதைத் தட்டினால் கரைக்குரலின் நாடியைப் பிடித்துப் பார்த்து, பச்சை, மஞ்சள், சிவப்பு என்று காட்டும். அந்த நாடிக்கு எழுதிய கையேட்டுக்குத்தான் மார்க் போட வேண்டும். சாயங்காலத்துக்குள் அறிக்கை வேண்டும், வேறு மாவட்டக்காரர்களும் இந்தக் கையேட்டைக் கேட்கிறார்கள் என்று வேங்கடேசன் சார் காலையிலேயே சொல்லிவிட்டார்.

பரிமளா ஆரம்பித்தாள். 'முதன்மை என்பதைத் தேர்ந்தெடுக்கவும்' என்று இருந்தது. பக்கத்திலேயே 'மாதிரி' என்றும் ஒன்று இருந்தது. முதன்மை என்றால் நிஜமாகவே ஓடிக்கொண்டிருக்கிற கரைக்குரல், மாதிரி என்றால் சும்மா சோதனைக்கு. விரல் ஒரு நிமிஷம் தயங்கியது. ஆனால் எழுதியிருப்பதைச் செய்ய வேண்டுமே! முதன்மையைத் தேர்ந்தெடுத்தாள். நாடி ஓடியது. எல்லாம் பச்சை, ஒன்று மட்டும் மஞ்சள். ஏதோ பழைய பதிவுகள் நிரம்பிவிட்டனவாம். 'மஞ்சள் வந்தால் சரிசெய் என்று கொடுக்கவும்' என்றது கையேடு. கொடுத்தாள். 'சரிசெய்யப்பட்டது' என்று வந்தது. மறுபடி நாடி பார்த்தாள். எல்லாம் பச்சை. 'பிழை ஏதும் பதிவாகவில்லை. பிழை இல்லையெனில் கரைக்குரல் நலமாக உள்ளது என்று கொள்ளலாம்.' அட, எவ்வளவு தெளிவாக எழுதியிருக்கிறார்கள் என்று அந்த வரிக்கு அஞ்சுக்கு அஞ்சு போட்டாள்.

மதியம் டப்பாவைத் திறந்து கேப்பை அடையைப் பிட்டுக்கொண்டிருந்தபோது, டீ குடிக்கப் போன தேவா தலையெல்லாம் மண்ணாக ஏறி வந்தான்.

"யக்கா, வெளிய இன்னா காத்து! பந்தலே பறந்துக்கினு போவுது. கடையில டீவி பார்த்தேன், கடலுக்கு யாரும் போவாதீங்கன்னு ஓடிக்கினு இருக்கு."

"எங்க வூட்டுக்கு போன் போயிருக்கும்" என்றாள் பரிமளா, அடையை மென்றுகொண்டே. ஆனாலும் சும்மா ஒரு வார்த்தை கேட்டுவிடலாமே என்று மாமியாருக்குப் போன் போட்டாள்.

"அத்தே, கரைக்குரல் போன் வந்துச்சா?"

"இல்லியே. காலைலேர்ந்து போன என் இடுப்புலயே சொருகிக்கினு இருக்கேன். ஒன்னும் வரல. நல்ல கடலுதான்னு அப்பனும் மவனும் உச்சிக்கு முன்னாடியே தள்ளிட்டாங்க. ஏன் கேக்கற?"

"டீவில சொல்றாங்க அத்தே. பெருங்காத்து வருது."

"டீவிக்காரன் இன்னாத்தத் தான் சொல்லல? போனு வரலியே."

"அவரு போனு?"

"இங்கதான் சார்ஜில கிடக்கு. போன மாசம் பழச அலை அடிச்சிக்கினு போச்சே, அதுலேர்ந்து புதுச அவன் எங்க எடுத்துக்கினு போறான்?"

மற்ற போட்டுக்காரர்கள் போனைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு போவார்கள். கரை கண்ணுக்குத் தெரிகிற வரைக்கும் டவர் கிடைக்கும். அருள் மட்டும் வெறுங்கையோடு போயிருக்கிறான்.

பரிமளா எச்சில் கையோடு நாடியைத் தட்டினாள். பச்சை. இன்னொரு தரம் தட்டினாள். பச்சை. கரைக்குரல் நலம், பிழை ஏதும் இல்லை. அப்படியானால் போன் ஏன் போகவில்லை? யாரை நம்புவது, கண்ணுக்கு எதிரே பளிச்சென்று நிற்கிற பச்சையையா, இடுப்பில் போனைச் சொருகிக்கொண்டு நிற்கிற மாமியாரையா? காலையில் தான் கொடுத்த 'சரிசெய்' அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அது என்ன செய்தது? பழைய பதிவை அழிக்க வேண்டுமென்றால், அதை எழுதிக்கொண்டிருக்கிற கரைக்குரலை முதலில் நிறுத்தத்தானே வேண்டும்? நிறுத்தியதை மறுபடி எழுப்பு என்று கையேட்டில் எங்கேயாவது இருக்கிறதா? பக்கம் பக்கமாகப் புரட்டினாள். எங்கேயும் இல்லை. எழுதாததால் அவளும் செய்யவில்லை.

அய்யோ என்று ஒரு சத்தம் அவளை அறியாமல் வந்துவிட்டது. தேவா திரும்பிப் பார்த்தான்.

"தேவா, நான்தான் நிறுத்திட்டேன். காலைலேர்ந்து அது செத்துக் கிடக்குது. நான்தான்டா."

மறுபடி மாமியாருக்குப் போட்டாள். "அத்தே, கரைக்கு ஓடுங்க. போன் வச்சிருக்கற எல்லா போட்டுக்கும் கூப்பிட்டுத் திரும்பச் சொல்லுங்க. பூமாலை அண்ணன் பொண்டாட்டி அஞ்சம்மா இருக்காங்கல்ல, அவங்களாண்ட சொல்லுங்க. ஜல்தி!"

தைலம்மாள் ஓடினாள். ஓடி என்ன பிரயோஜனம்? அஞ்சம்மாள் சிரித்தாளாம். "கரைக்குரலே ஒன்னும் சொல்லல, உம் மருமவ சொல்றாளா? பாதி வலை இறக்கியிருப்பாங்க, இப்பக் கூப்பிட்டா என்னைக் கொன்னு போட்டுடுவாரு" என்று சொல்லிவிட்டாளாம். ஒரு மிஷினை நம்பப் பழகின ஜனம், மனுஷியை நம்ப மாட்டேன் என்கிறது. இதை யாரிடம் போய்ச் சொல்லி அழுவது!

வேங்கடேசன் சாருக்குப் போட்டாள். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"சார், கரைக்குரல் நின்னு போச்சு சார். எச்சரிக்கை போவல. போட்டெல்லாம் கடல்ல இருக்குது."

"இரும்மா, பதறாத." கம்ப்யூட்டரைத் தட்டும் சத்தம் கேட்டது. "நாடி பச்சையாத்தான இருக்குது? பிழை ஒன்னும் இல்லன்னுதான போட்டிருக்கு?"

"சார், செத்தவன் எங்கனா வலிக்குதுன்னு சொல்வானா?"

அந்தப் பக்கம் நாற்காலி தள்ளும் சத்தம். "கடவுளே, கடைசி மூச்சு காலைல விட்டிருக்குது. சரிசெய் கொடுத்தியா? கொடுத்துட்டு 'தொடங்கு'ன்னு கொடுக்கணும்மா."

"எழுதலியே சார்."

"அது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானேன்னு விட்டிருப்பாங்க."

எல்லாருக்கும் தெரிஞ்சதாம்! கடலுக்கு நடுவில் இருக்கிற அருளுக்குத் தெரியுமா? போனை வைத்துக்கொண்டு நிற்கிற தைலம்மாளுக்குத் தெரியுமா? பரிமளாவுக்கு அவர் கழுத்தைப் பிடிக்க வேண்டும் போல இருந்தது. கை அதற்குள் 'தொடங்கு' என்று அடித்திருந்தது.

கரைக்குரல் எழுந்தது. அறிவிப்பைப் படித்தது. போன் போட ஆரம்பித்தது. திரையில் குப்பத்து ஆட்களின் பேர்கள் ஒவ்வொன்றாக மேலே ஏறின. பூமாலை, ஏற்கப்பட்டது. திருமுருகன், ஏற்கப்பட்டது. ஒவ்வொரு பேருக்குப் பக்கத்திலும் பச்சை டிக். பரிமளா கையைக் கூப்பிக்கொண்டு உதட்டுக்குள் மாரியாத்தாளைக் கூப்பிட்டாள். கடைசியில் அருள் பேரும் ஏறியது. ஏற்கப்பட்டது. பச்சை.

ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவளுக்கு நெஞ்சு குளிர்ந்துவிட்டது. பிறகு கையிலிருந்த அவள் போன் அடித்தது.

"பரிமளா" என்றாள் தைலம்மாள். "அருளு போன் அடிச்சிதும்மா. வூட்ல சார்ஜில இருந்துச்சே. நான்தான் எடுத்தேன். கடலுக்குப் போவாதன்னு எங்கிட்டச் சொல்லுதும்மா."

எல்லா அழைப்பும் போய்ச் சேர்ந்தன, நூற்றுக்கு நூறு என்று திரை சொன்னது. பரிமளா அதைப் பார்த்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

தேவாதான் அவளைத் தூக்கி நிறுத்தினான். சேர்ந்த நாளிலிருந்து அவளைக் கிண்டல் செய்வதே அவனுக்கு வேலை. அன்றைக்குக் கிண்டல் இல்லை. பைக்கை எடுத்தான், ஏறுக்கா என்றான், அவ்வளவுதான். மரக்காணம் ரோட்டில் காற்று பைக்கைப் பிடித்துப் பிடித்துத் தள்ளியது. உப்பளத்தில் மூடி வைத்திருந்த தார்ப்பாய்கள் பிய்த்துக்கொண்டு படபடவென்று அடித்தன. வழியெல்லாம் பரிமளாவின் வாய், காலையில் அஞ்சுக்கு அஞ்சு போட்ட வரியையே முணுமுணுத்துக்கொண்டு வந்தது. பிழை இல்லையெனில் நலம். பிழை இல்லையெனில் நலம். நிறுத்து என்று சொன்னாலும் அது நிற்கவில்லை.

கரையில் குப்பமே நின்றது. கடல் அவள் பார்த்த கடலாக இல்லை. சேறு கலங்கின மாதிரி பழுப்பாக எழும்பி எழும்பி விழுந்தது. போன் கிடைத்த போட்டுகள் ஒவ்வொன்றாக அலையோடு மல்லுக்கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தன. ஒவ்வொன்று வரும்போதும் ஒரு வீட்டுப் பெண் ஓடிப்போய் மணலில் மண்டியிட்டு அழுதாள். அஞ்சம்மாளும் அழுதாள். பூமாலை நனைந்த பிளாஸ்டிக் பையிலிருந்து போனை எடுத்து முத்தம் கொடுத்தான்.

"அண்ணே, எங்க வூட்டுக்காரரு?"

பூமாலை நிமிர்ந்து பார்க்கவில்லை. "தெக்கால, எங்களுக்கும் தூரமாப் போயிருந்தான். துண்டை எடுத்து வீசினேன். பார்த்தானான்னு தெரியலம்மா."

தைலம்மாள் மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். கையில் அருளின் போன் இருந்தது, சார்ஜ் வயரோடு. பொழுது சாயத் தொடங்கியது. எல்லாப் போட்டும் வந்து, இழுத்து, கயிறு கட்டியாகிவிட்டது. ஒன்றுக்கான இடம் மட்டும் மணலில் காலியாகக் கிடந்தது. அந்த இடத்தைப் பார்க்கக்கூடாது என்று பரிமளா கடலைப் பார்த்தாள். கடலைப் பார்க்க முடியாமல் மறுபடி அந்த இடத்தைப் பார்த்தாள். அவன் வந்துவிட்டால் போதும், என்னை என்ன வேண்டுமானாலும் பண்ணிக்கோ தாயே என்று வேண்டிக்கொண்டாள்.

வந்தான். இஞ்சின் அணைந்துபோய், அலை இழுத்த இழுப்புக்கு, குப்பத்துக்குக் கொஞ்சம் தள்ளி வந்து ஒதுங்கியது போட்டு. ஆட்கள் ஓடிப்போய் இழுத்தார்கள். வலை இல்லை. வெட்டி விட்டுவிட்டு வந்திருக்கிறான். போட்டுக்குள் அரசப்பன் மல்லாந்து கிடந்தார். இஞ்சினைத் தூக்கும்போது அலை அறைந்து, அவர் வலது கை இஞ்சினுக்கும் பலகைக்கும் நடுவில் மாட்டி நசுங்கிப் போயிருந்தது.

"எங்களுக்கு ஒன்னும் தெரியாது" என்றான் அருள், பல் கிட்டிக்கொண்டு. "எல்லா போட்டும் ஒரே நேரத்துல மூஞ்சியைத் திருப்பிக்கினு போவுது. ஏதோ பேஜாருன்னு அப்பதான் திரும்பினோம். கொஞ்சம் முன்னாடித் திரும்பியிருந்தா அப்பா கை தப்பிச்சிருக்கும்."

திண்டிவனம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்தார்கள். அரசப்பனை உள்ளே எடுத்துக்கொண்டு போனார்கள், தைலம்மாளும் கூடவே போனாள். வராண்டா பெஞ்சில் அருள், தேவாவின் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கொஞ்சம் தள்ளி நின்ற பரிமளாவின் போன் அடித்தது. வேங்கடேசன் சார்.

"எல்லாரும் வந்துட்டாங்கன்னு கேள்விப்பட்டேன். நல்லதும்மா. குப்பத்துலேர்ந்து யாரோ கேட்டாங்க, ஊழியர் ஒருத்தர் கை தவறுதலாப் பட்டுடுச்சின்னு சொல்லியிருக்கோம். உன் பேரச் சொல்லல. நீயும் சொல்லிக்காத. அறிக்கைய மட்டும் நல்ல மார்க்காப் போட்டு அனுப்பிடு. பாரு, அழைப்பு நூத்துக்கு நூறு போயிருக்கு. நீ வாயத் திறக்கலன்னா ஒரு பிரச்சினையும் இல்ல."

பிரச்சினை இல்லையெனில் நலம். பரிமளா போனை வைத்தாள். மார்க்கை அங்கேயே நின்று போனிலேயே போட்டாள். தெளிவு, பூஜ்யம். முழுமை, பூஜ்யம். உண்மை, பூஜ்யம். கீழே எழுதினாள்: 'இது உயிரோடு இருப்பவனையும் செத்தவனையும் ஒன்று என்கிறது. இதை யாருக்கும் கொடுக்காதீர்கள்.' அனுப்பிவிட்டாள். அந்த வேலை இனி இருக்காது என்று தெரியும். அதைப் பற்றிப் பயப்பட அப்போது அவளுக்கு மனசில் இடமில்லை.

ஒரு டீ வாங்கிக்கொண்டு வந்து அருளிடம் நீட்டினாள். அவன் விரல்கள் விறைத்திருந்தன, பிடிக்க முடியவில்லை. அவளே அவன் வாயில் வைத்தாள்.

"பூமாலை சொன்னான்" என்றான் அருள், இரண்டு மிடறு குடித்துவிட்டு. "எவனோ ஆபீஸ்ல உக்காந்துக்கினு மிஷின நிறுத்திப்புட்டானாம். போன் வரலைன்னா நல்ல கடல்னு நம்பித்தானே போனோம்? எங்கப்பன் கையப் பாத்தியா? இனிமே அது வலை இழுக்குமா? அந்த நிறுத்துன கை மட்டும் எங்கையில கிடைச்சா, முறிச்சுக் கடல்ல போட்டுடுவேன்."

கொஞ்சம் டீ அவன் துண்டில் சிந்தியது. கிளாஸைப் பெஞ்சில் வைத்தாள். பேசாமல் இருந்துவிடலாம். மாமியாருக்குத் தெரியாது, குப்பத்துக்குத் தெரியாது, தேவா சொல்ல மாட்டான். பேசாமல் இருந்தால் எல்லாம் பச்சை.

வலது கையை நீட்டி அவன் மடிமேல் வைத்தாள்.

"அது இந்தக் கைதாங்க."

அருள் அந்தக் கையைப் பார்த்தான். பிறகு அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு, அப்பா இருக்கிற அறையின் கதவைப் பார்த்தான். அவள் சொல்லி முடித்தாள், காலையிலிருந்து நடந்தது எல்லாம், ஒன்று விடாமல். அவன் கையைத் தட்டிவிடவில்லை, பிடிக்கவும் இல்லை. முகத்தில் கோபம் இருக்கிறதா என்று தேடினாள். அழுகை இருக்கிறதா என்று தேடினாள். ஒன்றும் இல்லை. நேற்றாக இருந்தால், திட்டவில்லை, அதனால் கோபமில்லை என்று நினைத்து நிம்மதியாக எழுந்து போயிருப்பாள்.

கடற்கரையில் நின்றபோதுகூட அவள் இப்போதுபோலப் பயந்ததில்லை.

"ஏதாவது சொல்லுங்க" என்றாள். "திட்டவாவது திட்டுங்க. கையை முறிக்கறதுன்னா முறிங்க. இப்படிச் சும்மா மட்டும் இருக்காதீங்க."